ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு கட்டளை: டேட்டாபேஸ் லேப் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன் நான். உங்களிடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்வதும், சேர்ந்த பிறகு அவர்களுக்கு வேலை பழக்குவதும் என் பொறுப்பு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். நார்மலைசேஷன் விதிகளை மூச்சு விடாமல் சொல்கிறார்கள். இன்னர் ஜாயினுக்கும் லெஃப்ட் ஜாயினுக்கும் வித்தியாசம் கேட்டால் படம் போட்டே காட்டுகிறார்கள். ஆனால் அறுபது டேபிள் உள்ள ஒரு நிஜ டேட்டாபேஸைத் திறந்து கொடுத்து, ‘வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கின் கணக்கு எங்கே இருக்கிறது, கண்டுபிடி’ என்றால் கை அப்படியே நின்றுவிடுகிறது. லேபில் அவர்கள் பார்த்தது எம்ப்ளாயீ, டிபார்ட்மென்ட் என்று இரண்டு டேபிள். ஒவ்வொன்றிலும் பத்து வரி. அவ்வளவையும் மனதிலேயே வைத்துக்கொள்ளலாம், தேட வேண்டிய அவசியமே வராது. வேலையிலோ முதல் நாள் முழுக்கத் தேடல்தான்: எந்த டேபிள் எதோடு சேர்கிறது, எந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது, எது காலியாகக் கிடக்கிறது என்று.

என் வேண்டுகோள் இதுதான். கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் வரைகலை டேட்டாபேஸ் கருவிகளை லேபின் முதல் வாரத்திலேயே பிள்ளைகள் கையில் கொடுங்கள். கூடவே, ஒவ்வொரு கிளிக்கும் எந்த எஸ்க்யூஎல் கட்டளையாக மாறி ஓடுகிறது என்பதை வாசிக்கவும் பழக்குங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தால் படிப்பு பாதியில் நிற்கும்.

‘திரையைக் காட்டிவிட்டால் பிறகு கட்டளையே எழுத மாட்டார்கள்’ என்று உங்களில் பலர் சொல்வீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் ரிலேஷனல் டேட்டாபேஸ் வளர்ந்த வீட்டிலேயே இரண்டு வழிகளும் சேர்ந்து வளர்ந்தன. ஐபிஎம்மில் எட்கர் காட் ரிலேஷனல் டேட்டாபேஸ் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை 1970-ல் வெளியிட்டார். அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் எஸ்க்யூஎல்லின் முதல் வடிவத்தை முன்வைத்தார்கள். அதே பத்தாண்டில், அங்கேயே மோஷே ஸ்லூஃப் என்பவர், காலி டேபிள் கட்டங்களில் மாதிரியை நிரப்பிக் கேள்வி கேட்கும் முறையை உருவாக்கினார். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் நீங்கள் பார்த்திருக்கும் க்வெரி கட்டம் அந்த வழி வந்ததுதான். கண்ணால் பார்த்து வேலை செய்வதைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று சொல்வது வரலாற்றுக்கே பொருந்தாது.

இன்றைய நல்ல கருவிகள் கட்டளையை மறைப்பதும் இல்லை. ஹெய்டிஎஸ்க்யூஎல்லில் எதைத் தொட்டாலும், திரையின் அடியில் உள்ள பட்டையில் அது சர்வருக்கு அனுப்பிய கட்டளை வரிவரியாக ஓடும். பிஎச்பிமைஅட்மினில் ஒரு டேபிளைத் திறந்தால், அதற்காக ஓடிய செலக்ட் மேலேயே தெரியும். அங்கேயே திருத்தி மறுபடி ஓட்டலாம். பிஜிஅட்மினில் எந்த டேபிளைச் சொடுக்கினாலும், அதை உருவாக்கும் முழுக் கட்டளையும் தனித் தாவலில் வந்து நிற்கும். இனிச் சொல்லப்போகும் டிபி பிரவுசரில் எஸ்க்யூஎல் லாக் என்று ஒரு பலகமே இருக்கிறது. பயனர் எழுதியது எது, மென்பொருள் தானாக அனுப்பியது எது என்று பிரித்துக் காட்டும். மவுஸால் ஒரு நெடுவரிசையைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓடிய ஆல்டர் டேபிள் கட்டளையை ரெக்கார்டு நோட்டில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் தரச் சொல்லுங்கள். பிறகு திரையைத் தொடாமல் அதே வேலையைக் கட்டளையால் செய்யச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த பையன் இங்கே தப்பிக்க முடியாது.

எதில் தொடங்குவது? எஸ்க்யூலைட்டில் தொடங்குங்கள். ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்ட சின்ன டேட்டாபேஸ் அது. சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். உங்கள் மாணவரின் ஃபோனில் வாட்ஸாப் செய்திகள் தங்குவது எஸ்க்யூலைட்டில்தான். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பார்த்த பக்கங்களைக் குறித்து வைப்பதும் அதில்தான். இதைத் திறந்து பார்க்க ‘டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்’ என்ற இலவச, திறந்த மூலக் கருவி இருக்கிறது. 2003-ல் மவுரிசியோ பியாசென்டினி தொடங்கியது. இன்று தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள்.

முதல் வகுப்புக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். மாணவர் தன் கணினியில் ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு, அதன் புரொஃபைல் ஃபோல்டரில் இருக்கும் ‘பிளேசஸ்.எஸ்க்யூலைட்’ என்ற ஃபைலை நகல் எடுக்கட்டும். அந்த நகலை டிபி பிரவுசரில் திறக்கட்டும். ‘மோஸ் பிளேசஸ்’ என்றொரு டேபிள். அதில் முகவரி, தலைப்பு, எத்தனை முறை பார்த்தோம் என்ற எண்ணிக்கை. ‘மோஸ் ஹிஸ்டரி விசிட்ஸ்’ என்று இன்னொரு டேபிள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி, அந்த வரியில் முதல் டேபிளைச் சுட்டும் ‘பிளேஸ் ஐடி’. ஜாயின் என்றால் என்ன என்று இதற்கு மேல் பலகையில் விளக்க வேண்டியதில்லை. தான் அதிகம் போன பத்து இணையதளங்களைப் பட்டியலிட ஆர்டர் பையும் லிமிட்டும் தானாக வந்து சேரும்.

தேதி இருக்க வேண்டிய இடத்தில் 16 இலக்க எண் ஒன்று நிற்கும். ‘இது என்ன சார்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். 1970 ஜனவரி 1 முதல் கடந்த மைக்ரோவினாடிகளின் எண்ணிக்கை அது. பத்து லட்சத்தால் வகுத்து, தேதியாக மாற்றச் சொல்லுங்கள். காலை 10 மணிக்குப் பார்த்த பக்கம் 4.30 என்று காட்டும். நம் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி வித்தியாசத்தைப் பிள்ளைகள் அப்போது பிடித்துவிடுவார்கள். வேலைக்கு வந்த பிறகு அறிக்கைகளில் தேதி ஒரு நாள் தள்ளிப்போவதற்கு இதே காரணம்தான். ஒரு எச்சரிக்கை மட்டும்: அவரவர் தம் ஃபைலைத் தம் திரையில் பார்ப்பதோடு நிற்கட்டும். அடுத்தவர் பார்த்த பக்கங்கள் நமக்கு எதற்கு?

டிபி பிரவுசரில் இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. எதை மாற்றினாலும், ‘ரைட் சேஞ்சஸ்’ பட்டனை அழுத்தும் வரை மாற்றம் ஃபைலில் நிலைக்காது. ‘ரிவர்ட்’ அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். கமிட், ரோல்பேக் என்று பாடப்புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படிப்பது இங்கே இரண்டு பட்டனாக நிற்கிறது.

அடுத்தது மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி. எக்ஸாம்ப் நிறுவியிருந்தால் பிஎச்பிமைஅட்மின் கூடவே வந்திருக்கும். விண்டோஸில் ஓடும் பழைய கணினிகளுக்கு ஹெய்டிஎஸ்க்யூஎல் கச்சிதம். பென்டிரைவிலிருந்தே ஓட்டக்கூடிய வடிவமும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் டேபிள்களைப் படித்து அவற்றின் உறவுகளைப் படமாக வரைய மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச் உதவும். அதிலேயே எக்ஸ்பிளெய்னைப் படமாகக் காட்டும் வசதி இருக்கிறது: டேபிள் முழுவதையும் துழாவும் இடம் சிவப்புப் பெட்டியாகத் தெரியும். லட்சம் வரி உள்ள டேபிளில் ஒரு க்வெரியை ஓட்டிச் சிவப்பைக் காட்டுங்கள். இண்டெக்ஸ் போடுங்கள். மறுபடி ஓட்டுங்கள். நிறம் மாறுவதைப் பார்த்த பிள்ளைக்கு இண்டெக்ஸ் ஏன் என்று இரண்டாம் முறை சொல்ல வேண்டாம்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். பிஎச்பிமைஅட்மினில் இன்னோடிபி டேபிள்களின் வரி எண்ணிக்கைக்கு முன்னால் சில சமயம் ஓர் அலைக்குறி நிற்கும். அது சர்வர் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. சரியான எண்ணிக்கை வேண்டுமென்றால் கவுண்ட் போட்டுத்தான் எண்ண வேண்டும். திரையில் தெரிவதையெல்லாம் நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

மூன்றாவது, போஸ்ட்கிரஸும் அதன் பிஜிஅட்மினும். கடைசியாக டிபீவர். 2010-ல் ஒருவரின் ஓய்வுநேர முயற்சியாகத் தொடங்கிய இந்தக் கருவி, ஜாவாவின் ஜேடிபிசி டிரைவர் உள்ள எந்த டேட்டாபேஸோடும் பேசும். கொஞ்சம் கூடுதல் மெமரி கேட்கும். தரவிறக்கும்போது காசு கேட்கும் பதிப்பும் கண்ணில் படும். உங்களுக்கு வேண்டியது கம்யூனிட்டி பதிப்பு.

நம் லேபுகளில் அநேகமாக யாரும் தொடாத பாடம் ஒன்று இருக்கிறது: தமிழ். பெயர், ஊர், முகவரி என்று தமிழில் பதிவாகும் தரவோடுதான் நம் பிள்ளைகளில் பலர் நாளை வேலை செய்யப்போகிறார்கள். லேபில் ஒரு மைஎஸ்க்யூஎல் டேபிளை லத்தீன்-1 எழுத்துக்குறி அமைப்பில் உருவாக்கி, அதில் ஒரு ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டுப் பார்க்கட்டும். பிழை வரும்; கண்டிப்பு குறைந்த அமைப்பென்றால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். கேள்விக்குறியாகிவிட்ட தரவை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது, அசல் போயே போய்விட்டது. மைஎஸ்க்யூஎல் 2018-ல் வந்த தன் 8.0 பதிப்பில்தான் யூடிஎஃப்8எம்பி4-ஐ இயல்பு அமைப்பாக்கியது. அதற்கு முந்தைய டேட்டாபேஸ்கள் இன்னும் எத்தனையோ இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வரைகலைக் கருவியில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் நேரே அதன் எழுத்துக்குறி அமைப்பு எழுதியே இருக்கும். பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம்.

அடுத்து, யூடிஎஃப்8எம்பி4 அமைப்பில் ஒரு டேபிளை உருவாக்கி, அதில் ‘தமிழ்’ என்று எழுதி நீளம் கேளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. கேர் லெங்த் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. லெங்த் 15 என்று சொல்லும். யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். இருபது எழுத்துக்குள் அடங்கும் என்று வார்கேர் 20 போட்டுவிட்டு, நீளமான பெயர் ஏன் பாதியில் வெட்டுப்பட்டது என்று தவிக்காமல் இருக்க இந்த ஒரு பயிற்சி போதும். அப்படியே ஒரு சிஎஸ்வி ஃபைலாக ஏற்றுமதி செய்து எக்ஸலில் திறக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்து உடைந்து வரலாம், பூஜ்யத்தில் தொடங்கும் எண்களில் பூஜ்யம் காணாமல் போகலாம். தவறு டேட்டாபேஸில் இல்லை, திறந்த விதத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்பதும் படிப்புதான்.

இலவசக் கருவி என்றால் போதாதா, திறந்த மூலம் எதற்கு என்று கேட்கலாம். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவும் ஆரக்கிளின் எஸ்க்யூஎல் டெவலப்பரும் இலவசம்தான், நல்ல கருவிகளும்கூட. ஆனால் மூலநிரல் நம் கைக்கு வராது. அந்த நிறுவனம் என்ன முடிவெடுக்கிறதோ அதுதான். திறந்த மூலத்தில் தொடங்கியவர் விட்டாலும் வேலை நிற்பதில்லை. பிஎச்பிமைஅட்மினை 1998-ல் தொடங்கிய டோபியாஸ் ராட்சில்லர் நேரமில்லாமல் 2000-ல் கைவிட்டார். 2001-ல் வேறு மூவர் எடுத்துக்கொண்டார்கள், இன்றுவரை ஓடுகிறது. மேக் கணினிக்கான சீக்வல் புரோ தேங்கியபோது, அதன் நிரலிலிருந்தே 2020-ல் சீக்வல் ஏஸ் கிளம்பியது.

அதற்காகத் திறந்த மூலம் என்ற முத்திரையே போதும் என்றும் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்டின் அஸூர் டேட்டா ஸ்டுடியோ திறந்த மூலம்தான். ஆனாலும் அதை 2026 பிப்ரவரி 28-ஓடு நிறுத்துவதாக அந்த நிறுவனம் 2025-ல் அறிவித்தது. பின்னால் ஒரே நிறுவனம்தான் என்றால் அதன் கணக்கு மாறும்போது கருவியும் மாறும். ஆகவே உரிமத்தோடு, அதை எத்தனை பேர் தொடர்ந்து பராமரிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அந்தப் பார்வையையே மாணவருக்கும் கற்றுக்கொடுங்கள். உரிமம் இல்லாத திருட்டு நகலை லேபில் ஓட்டி அவர்களுக்குத் தொழில் நெறி சொல்வது எடுபடாது. கட்டற்ற கருவி என்றால் லேபில் பழகியதையே வீட்டிலும், பிறகு வேலையிலும் யார் அனுமதியும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம்.

ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். அப்டேட் எழுதி, வேர் எழுத மறந்து என்டர் தட்டினால் டேபிள் முழுக்க ஒரே மதிப்பு. கட்டளை எழுதும் கறுப்புத் திரையிலும் இது நடக்கும். அதனால்தான் மைஎஸ்க்யூஎல்லின் கட்டளை நிரலுக்கே பாதுகாப்பு முறை ஒன்று வைத்து, அதற்கு ‘ஐ ஆம் எ டம்மி’ என்று குறும்பாக இன்னொரு பெயரும் கொடுத்திருக்கிறார்கள். வொர்க்பெஞ்சில் அந்தப் பாதுகாப்பு இயல்பாகவே இயங்கும். 1175 என்ற பிழை எண்ணோடு தடுத்துவிடும். பிழை வந்ததும் அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிடுவதுதான் பிள்ளைகளின் முதல் வேலை. அணைக்காமல், அது ஏன் தடுத்தது என்று எழுதச் சொல்லுங்கள். டிபீவரும் வேர் இல்லாத அப்டேட்டுக்கு ஒரு முறை நிறுத்திக் கேட்கும். அதில் ஆட்டோ கமிட்டை அணைத்து வேலை செய்யப் பழக்குங்கள். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் நிறம் கொடுக்கலாம். நிஜ டேட்டாபேஸுக்குச் சிவப்பு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

நிறம் எதற்கு என்பதற்கு கிட்லேப் நிறுவனமே வெளிப்படையாகச் சொன்ன கதை இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று அதன் பொறியாளர் ஒருவர், இரண்டாவது டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரில் அழிப்புக் கட்டளையை ஓட்டிவிட்டார். சுமார் 300 ஜிபி தரவு அழிந்தது. சுதாரித்துக்கொண்ட பிறகும் ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. பேக்கப்புக்கு வைத்திருந்த வழிகளில் ஒன்று பிஜிடம்ப். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸின் 9.6 பதிப்பு, ஓடிய பிஜிடம்ப்போ 9.2. பதிப்பு பொருந்தாமல் பேக்கப் எடுபடாமலே போயிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. பிஜிஅட்மினில் ‘பேக்கப்’ என்று சொடுக்கும்போது பின்னால் ஓடுவதும் இதே பிஜிடம்ப்தான். ஆகவே லேபில் பேக்கப் எடுப்பதோடு விடாதீர்கள். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, வரிகளை எண்ணிக் காட்டினால்தான் மதிப்பெண் என்று வையுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. எக்ஸாம்ப் நிறுவியதும் ரூட் பயனருக்குப் பாஸ்வேர்டே இருக்காது. லேபில் பரவாயில்லை, அதே பழக்கத்தோடு நிஜ சர்வரில் நிறுவினால் வாசலைத் திறந்து வைத்தது போலத்தான். யாக்குப் வ்ரானாவின் அட்மினர் ஒரே பிஎச்பி ஃபைலில் முழுக் கருவி என்பதால் ஏற்றுவது சுலபம். வேலை முடிந்து அழிக்க மறப்பதும் சுலபம். திறந்து கிடக்கும் சர்வர்களைத் தேடித் திரியும் நிரல்கள் முதலில் தட்டிப் பார்க்கும் பெயர்களில் அட்மினரும் பிஎச்பிமைஅட்மினும் உண்டு. எஸ்எஸ்எச் டனல் வழியாக இணையும் வசதி ஹெய்டிஎஸ்க்யூஎல்லிலும் டிபீவரிலும் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்தால், டேட்டாபேஸை இணையத்தில் திறந்து வைக்காமலே வேலை செய்யப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.

சிலபஸ் உங்கள் கையில் இல்லை, செய்முறைத் தேர்வில் கட்டளை எழுதித்தான் ஆக வேண்டும், கணினிகள் பழையவை. எல்லாம் தெரியும். இருக்கும் சிலபஸுக்குள்ளேயே செய்யக்கூடியவை நான்கு:

ஒன்று, முதல் லேப் டிபி பிரவுசரில் நடக்கட்டும். இரண்டு டேபிளுக்குப் பதில் முப்பது டேபிளாவது உள்ள ஒரு டேட்டாபேஸைத் திறந்து கொடுங்கள்.

இரண்டு, ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் கருவி ஓட்டிய கட்டளையும், மாணவர் தானாக எழுதிய கட்டளையும் அடுத்தடுத்து வரட்டும்.

மூன்று, ஒரு பயிற்சியாவது முழுக்கத் தமிழ்த் தரவில் இருக்கட்டும்.

நான்கு, செமஸ்டரின் கடைசி லேப் பேக்கப்பும் மீட்பும்.

இதற்குத் தனிச் செலவு ஒரு ரூபாய் இல்லை. நிறுவுவதில் சிக்கல், பெரிய மாதிரி டேட்டாபேஸ் இல்லை என்றால், உங்கள் ஊரில் இருக்கும் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். தயாரான பிள்ளைகள் வேண்டும் என்று ஆண்டுதோறும் கல்லூரி வாசலில் வந்து நிற்கிற தொழில்துறை, ஒரு சனிக்கிழமை லேபுக்குள் வந்து உட்காரவும் கடமைப்பட்டிருக்கிறது. கேட்டால் வருவோம்; வராவிட்டால் அந்தக் குறையை எங்கள் பேரிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களோடு வேலை செய்யும் ஒருவன்